மாமியின் மூன்று நாய்களும் ஏழு வீட்டு நடவழியும்

எங்கள் நடவழி 4 அடி அகலம். ஒரு பக்கம் கையாலை (மண்சுவர்), மறுபக்கம் ஓடை. கன்னியாகுமரி மாவட்டத்துக் குலசேகரத்தை ஒட்டிய எங்கள் பகுதியில் 7 வீட்டுக்காரர்கள் ரோட்டுக்கு இறங்க அந்த ஒரு வழிதான் உண்டு. நான் ரப்பர் பால் வெட்டுகிறவன். விடியற்காலை நாலரைக்கு நெற்றியில் லைட்டைக் கட்டிக்கொண்டு, கத்தியும் பக்கெட்டுமாக இறங்கிவிடுவேன். கையாலை வளைகிற இடத்தில் புல் கொஞ்சம் செழிப்பாக நிற்கும். அங்கேதான் நாய்கள் தூறி (மலம் கழித்து) வைத்திருக்கும். இரண்டு வருஷம் அந்த வளைவை நாங்கள் எல்லோரும் எட்டு வைத்துத் தாண்டித்தான் கடந்தோம்.

நாய்கள் கடைசி வீட்டு மாமியுடையவை. மணி, ஜிம்மி, கறுப்பி என்று மூன்று. மாமிக்கு எழுபத்தைந்து தாண்டிவிட்டது. முப்பது வருஷத்துக்கு மேல் அண்டி ஆபீஸில், அதாவது முந்திரிக்கொட்டை ஆலையில், குத்தவைத்து உட்கார்ந்து அண்டி தல்லியவர் (கொட்டை உடைத்தவர்). இரண்டு கால் முட்டும் போய்விட்டது. கண்ணிலும் படலம். மகன் கல்ஃபில். ராத்திரி அந்த வீட்டில் மாமிக்குத் துணை அந்த மூன்று நாய்கள் மட்டும்தான். இப்படி ஒருவரோடு சண்டை போட யாருக்கும் மனசு வராது. ஆனால் மனசு வரவில்லை என்று சும்மா இருந்தாலும் வழி சுத்தமாகாது. இரண்டுக்கும் நடுவே நாங்கள் என்ன செய்தோம், எதைச் செய்யாமல் இருந்திருக்கலாம் என்பதை எழுதுகிறேன். இதே நிலையில் இருக்கும் யாருக்காவது உதவும்.

முதலில் என் கால். ஒரு ஆனி மாத மழையில் வலது பாதத்தின் ஓரத்தில் சிவப்பாக ஒரு கோடு வந்தது. மழை நாளில் செருப்பு வழுக்கும் என்று கையில் எடுத்துக்கொண்டு நடப்பது என் பழக்கம். அந்தக் கோடு நாளுக்கு நாள் வளைந்து வளைந்து நீண்டது. ராத்திரி தூங்க விடாத அரிப்பு. ரப்பர் ஆசிட் பட்ட அலர்ஜி என்று நினைத்துத் தேங்காயெண்ணெய் தடவிக்கொண்டிருந்தேன். ஆரம்ப சுகாதார நிலையத்து டாக்டர் பார்த்த உடனே, "உங்க பக்கத்துல நாய் அசிங்கம் பண்ற மண்ணுல வெறுங்காலோட நடக்கீங்களா?" என்று கேட்டார். நாயின் கொக்கிப்புழுக் குஞ்சு தோல் வழியாக உள்ளே போய், வழி தெரியாமல் தோலுக்கடியிலேயே ஊர்ந்துகொண்டிருந்திருக்கிறது. மாத்திரை கொடுத்தார், சரியாகிவிட்டது. அன்று அவர் சொன்ன கணக்குதான் பிறகு நாங்கள் செய்த எல்லாவற்றுக்கும் அடிப்படை.

நாய் போட்ட உடனே அதில் உள்ள புழு முட்டை மனிதனுக்குத் தொற்றாது. கொக்கிப்புழு முட்டை ஈரமும் சூடும் நிழலும் உள்ள மண்ணில் ஓரிரு நாளில் பொரியும். அந்தக் குஞ்சு தோலைத் துளைக்கிற பருவத்துக்கு வர ஏறக்குறைய ஒரு வாரம் ஆகும். உருண்டைப்புழு முட்டை வாய் வழியாகப் போவது. மண்ணில் விளையாடும் குழந்தைகளுக்கு ஆபத்து. சில நேரம் கண்ணைக்கூடப் பாதிக்கும். அந்த முட்டை மண்ணில் கிடந்து தொற்றும் நிலைக்கு வர இரண்டு மூன்று வாரம் ஆகும். வந்துவிட்டால் வருஷக்கணக்கில் அழியாமல் கிடக்கும், பிளீச்சிங் பவுடர் போட்டாலும் சாகாது. ஆகவே அன்றன்றைக்கு அள்ளிவிட்டால் நோயின் பெரும்பகுதியை அள்ளிவிட்டோம் என்று அர்த்தம். நம் மாவட்டத்தில் இது இன்னும் முக்கியம். ஆனி ஆடியில் ஒரு மழை, ஐப்பசி கார்த்திகையில் இன்னொரு மழை, மற்ற நாளில் ரப்பர் நிழல். மண் காய்வதற்கு நேரமே கிடைப்பதில்லை.

அள்ளுகிற முறைக்கு வருகிறேன், இதில்தான் எல்லோரும் தப்புச் செய்கிறார்கள். வாரியலை எடுத்துப் பெருக்கக் கூடாது. ஒரு இடத்தில் கிடப்பது நாலு இடத்துக்குப் பரவும், வாரியலும் அதோடு போச்சு. தண்ணீர் அடித்து ஓடைக்குத் தள்ளவும் கூடாது. எங்கள் ஓடை சானலில் (கால்வாயில்) போய்ச் சேர்கிறது, சானலில் ஆட்கள் குளிக்கிறார்கள். நாங்கள் கண்டுபிடித்த நல்ல கருவி கமுகம் பாளை, அதாவது பாக்கு மரத்து மட்டை. விழுந்து காய்ந்த பாளையை ஒரு சாண் அகலத்துக்கு வெட்டி வைத்துக்கொள்ளுங்கள். முதலில் அடுப்புச் சாம்பலோ தேங்காய்த் தும்புத் தூளோ ஒரு சிரட்டை அளவு மேலே போட்டுப் பத்து நிமிஷம் விடுங்கள். இளகிக் கிடப்பதுகூட இறுகிவிடும். பிறகு ஒரு பாளைத் துண்டால் தள்ளி இன்னொன்றில் ஏற்றினால் மண்ணில் ஒட்டாமல் வரும். பாளையையும் சேர்த்தே குழியில் போட்டுவிடலாம். கழுவ ஒன்றும் இல்லை, பிளாஸ்டிக் பையும் இல்லை. அப்புறம் சோப்புப் போட்டுக் கை கழுவுவது கட்டாயம்.

குழி எங்கே என்பதில் கவனம் வேண்டும். இங்கே வீட்டுக்கு ஒரு கிணறு உண்டு, மழைக்காலத்தில் கிணற்றுத் தண்ணீர் கைக்கெட்டும் தூரத்துக்கு ஏறிவிடும். நாங்கள் எந்தக் கிணற்றுக்கும் 50 அடிக்கு அப்பால், சரிவின் கீழ்ப்பக்கம், சானலுக்கும் தள்ளி, ஒரு தேக்கின் பக்கத்தில் 2 அடி ஆழத்தில் எடுத்தோம். ஒவ்வொரு தடவையும் ஒரு பிடி மண்ணும் கொஞ்சம் நீற்றுச் சுண்ணாம்பும் தூவி, மேலே பழைய தகரத்தை வைத்துக் கல்லேற்றிவிடுவோம். நிறைந்தால் மூடிவிட்டு வேறு குழி. அந்த மண்ணைக் கீரைக்கும் மரச்சீனிக்கும் (மரவள்ளிக்கும்) எடுக்கக் கூடாது. மாட்டுச் சாணமும் நாய் மலமும் ஒன்றல்ல. சுண்ணாம்பை நடவழியில் போடாதீர்கள். ஈரத்தில் அது நாயின் காலையும் சுடும், வெறுங்காலோடு போகிற பிள்ளையின் காலையும் சுடும். நாய் மூத்திரம் நாறுகிற இடத்தில் பிளீச்சிங் பவுடரைக் கொட்டுகிறவர்கள் உண்டு. மூத்திரத்தில் உள்ள அமோனியாவோடு அது சேர்ந்தால் மூச்சை அடைக்கிற புகை வரும். ஒருவர் ரப்பர் பால் உறைய வைக்கிற ஆசிட்டையே ஊற்றிவிடலாம் என்றார். அந்த ஆசிட் கையில் பட்டால் என்ன ஆகும் என்று எனக்குத் தெரியும். வேண்டாம் என்று கெஞ்சித்தான் நிறுத்தினேன்.

சரி, அள்ளினால் போதுமா? போதாது. யாரோ ஒருவர் ஆயுள் முழுக்க அள்ளிக்கொண்டிருக்க முடியாது. நாய்கள் ஏன் அங்கே போகின்றன என்று பார்க்க வேண்டும். ஒரு வாரம் பார்த்துக் குறித்துவைத்தேன். ரப்பர் ஷீட் கணக்கு எழுதுகிற நோட்டின் கடைசிப் பக்கத்தில் நேரம், இடம், எந்த நாய், அவ்வளவுதான். இதை யாரிடமும் குற்றப்பத்திரிகை மாதிரி நீட்டுவதற்காக எழுதவில்லை. எழுதியதில் இரண்டு விஷயம் தெளிவாயிற்று. மாமி காலை நாலு மணிக்கு எழுந்து முன்பக்கக் கேட்டைத் திறந்து, அங்கேயே பழைய சோறும் மீன் தலையும் போடுகிறார். நாய்கள் தின்றுவிட்டு, கால் மணி அரை மணி நேரத்துக்குள் நேராக வளைவுக்கு வந்து தூறுகின்றன. சாயங்காலம் ஏழு மணிக்கும் இதே கதை. வயிற்றில் சாப்பாடு விழுந்ததும் குடல் அசைவது நாய்க்கு இயல்பு, குட்டிகளுக்கு இன்னும் சீக்கிரம். இன்னொன்று, மிச்சச் சோற்றுக்காகச் சந்தை பக்கமிருந்து வரும் ஒரு தெருநாய். வளைவில் கிடந்ததில் நல்ல ஒரு பங்கு அதனுடையது. இரண்டு வருஷமாக அதையும் மாமியின் கணக்கில்தான் எழுதிக்கொண்டிருந்தோம்.

பேசப் போகும்போது காலையில் மிதித்த சூட்டோடு போகாதீர்கள். நாலு பேரோடும் போகாதீர்கள். நான் ஒரு ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் இரண்டு மூடு மரச்சீனியோடு தனியாகப் போய்த் திண்ணையில் உட்கார்ந்தேன். நாயைப் பற்றித் தொடங்காமல் என் காலைக் காட்டி, டாக்டர் சொன்னதைச் சொன்னேன். மாமி குனிந்து என் பாதத்தைத் தடவிப் பார்த்தார்.

"எனக்க பட்டியளா (நாய்களா) மக்களே அங்க தூறுது? எனக்குக் கண்ணு ஒண்ணும் தெளிவாத் தெரியல்ல. யாரும் சொல்லவும் இல்ல."

மற்ற ஆறு வீட்டில் ஒருவர்கூட இரண்டு வருஷமாக அவரிடம் நேரில் சொல்லவில்லை. முணுமுணுத்தோம், கேட்டின் முன்னால் அள்ளிப் போட்டவர்கள்கூட உண்டு. அது எதற்காகக் கிடக்கிறது என்று அவருக்குத் தெரியவே இல்லை.

அடுத்து நான் கேட்ட கேள்வியைத்தான் இந்த முழு விஷயத்திலும் சரியாகச் செய்த ஒன்றாக நினைக்கிறேன். "ஏன் மூணு நாய் வளக்கீங்க?" என்று கேட்கவில்லை. "பின்பக்கம் வச்சுச் சோறு போட ஒங்களுக்கு என்ன கஷ்டம் மாமி?" என்று கேட்டேன். மாமி எழுந்து என்னைக் கூட்டிப்போய்க் காட்டினார். அடுக்களைப் பின்கதவின் தாழ்ப்பாள் துருப்பிடித்து அசையவில்லை. கதவைத் தாண்டினால் இரண்டு படி இடிந்து கிடக்கிறது. இரண்டு வருஷத்துக்கு முந்திய மழையில் அதில்தான் விழுந்திருக்கிறார். அதன் பிறகு பின்பக்கம் இறங்கவே பயம். வீட்டுக்குப் பின்னால் ஒரு கொல்லாமரமும் (முந்திரி மரமும்) காடு பிடித்த ஆறு சென்ட் மண்ணும் சும்மா கிடக்கிறது. நாய்கள் காலகாலமாக அங்கேதான் போய்வந்திருக்கின்றன. படி இடிந்தது, கதவு அடைந்தது, நாய்கள் முன்பக்கம் வந்தன.

ஒதுங்கிப் போன ஒரு முதியவரின் வீட்டிலிருந்து ஒரு தொந்தரவு வருகிறது என்றால், அந்த வீட்டில் எது உடைந்து கிடக்கிறது என்று முதலில் தேடுங்கள். தாழ்ப்பாளாக இருக்கலாம், லைட்டாக இருக்கலாம், முட்டாகவோ கண்ணாகவோ இருக்கலாம். பஞ்சாயத்து கூட்டி ஜெயித்தாலும் அந்தப் படி இடிந்தே கிடந்திருக்கும்.

கொத்தனார் வேலைக்குப் போகிற அடுத்த வீட்டுத் தம்பி ஒரு நாள் சாயங்காலம் கல் வைத்துப் படியைக் கட்டிவிட்டார். பிடித்து இறங்க ஒரு இரும்புக் குழாயையும் நட்டோம். படியின் உயரத்தை வழக்கத்தைவிடக் குறைவாக வைக்கச் சொன்னேன், முட்டு வலி உள்ளவர்களுக்கு அது பெரிய ஆறுதல். கொல்லாமரத்தடியில் காட்டை வெட்டி, சுற்றிலும் பழைய வலையைக் கட்டினோம்.

நாய்களைப் புது இடத்துக்குப் பழக்குவது ஒரு மாதம் பிடித்தது. நாய் வாசனையைப் பிடித்துத்தான் இடம் தேடும். அதனால் வளைவில் அள்ளியதில் கொஞ்சத்தைக் கொல்லாமரத்தடியில் கொண்டு போட்டு, காய்ந்த சருகு தூவினோம். வளைவிலிருந்த மேல்மண்ணைச் செதுக்கி எடுத்துவிட்டு, புல் நின்ற இடத்தில் சரளைக் கல்லைப் பரப்பினோம். காலைச் சோறு பின்பக்கம், ஐந்தரைக்கு. தின்று முடித்து அரை மணி நேரம் முன்கேட் திறக்கக் கூடாது. அங்கேயே தூறிவிட்டால் உடனே ஒரு துண்டு கருவாடு. திட்டுவதும் அடிப்பதும் பலிக்காது. நாய் நம் கண்ணுக்குத் தெரியாத இடம் தேடிப் போகுமே தவிர நிறுத்தாது. மணியும் ஜிம்மியும் சீக்கிரம் பழகிவிட்டன. கறுப்பிக்கு வயசு, ஒரு மாதம் வரை வளைவுக்கே வந்தது. அதற்கு மட்டும் கயிறு போட்டு மூன்றாவது வீட்டுப் பையன் கூட்டிப்போனான். மாமி கையில் கயிற்றைக் கொடுக்காதீர்கள். ஒரு பூனை குறுக்கே ஓடினால் போதும், நாய் இழுத்து முதியவரைக் கீழே தள்ளிவிடும்.

சாப்பாட்டையும் மாற்றினோம். எரிவு (காரம்) போட்ட மீன்கறி கலந்த சோறு நாய்க்கு வயிற்றோட்டம் தரும். வெறும் சோறும் உப்பு மிளகாய் இல்லாமல் அவித்த முள் நீக்கிய மீனும் போட ஆரம்பித்த பிறகு அள்ளுவது பாதி லேசாயிற்று. தட்டில் மிச்சம் விடாமல் எடுத்துவிடுவதால் தெருநாய் வருவதும் குறைந்தது.

மூன்றையும் ஆட்டோவில் ஏற்றி அரசு கால்நடை மருந்தகத்துக்குக் கொண்டுபோனோம். பூச்சி மாத்திரையை எடை பார்த்துத்தான் கொடுக்க வேண்டும், மூன்று மாதத்துக்கு ஒரு தடவை. இது நாய்க்காக மட்டும் இல்லை. புழு இல்லாத நாயின் மலத்தில் முட்டையும் இல்லை. வெறிநோய்த் தடுப்பூசி குட்டிக்கு மூன்று மாத வயதில், பிறகு வருஷா வருஷம். செப்டம்பர் 28 உலக வெறிநோய் தினம், அதையொட்டிப் பல இடங்களில் இலவசமாகப் போடுவார்கள், விசாரித்து வையுங்கள். ஜிம்மி பெட்டை. அதற்குக் கருத்தடை செய்துவிட்டோம், இல்லாவிட்டால் அடுத்த வருஷம் மூன்று எட்டாகியிருக்கும். நாயோடு பழகும் பையன்களுக்கு ஒன்று சொல்லி வையுங்கள்: பல்லோ நகமோ பட்டால், வீட்டு நாய்தானே என்று விடக் கூடாது. ஓடுகிற தண்ணீரில் சோப்புப் போட்டு 15 நிமிஷம் கழுவ வேண்டும், அன்றே அரசு மருத்துவமனைக்குப் போக வேண்டும். ஊசி அங்கே இலவசம்.

எங்களில் ஒருவர் இதற்கிடையே என்ன செய்தார் என்றும் சொல்ல வேண்டும். வளைவை ஃபோட்டோ எடுத்து வாட்ஸ்அப் குரூப்பில் போட்டு, மாமியின் மகனுக்கும் அனுப்பினார். மகன் அங்கிருந்து ஃபோனில் அம்மாவைச் சத்தம் போட்டிருக்கிறார். மாமி மூன்று நாள் வெளியே வரவில்லை. அவமானப்படுத்தினால் முதியவர்கள் சரி செய்ய மாட்டார்கள், ஒளிந்துகொள்வார்கள். அப்போது விழுந்து கிடந்தால்கூட யாருக்கும் தெரியாது. மகனோடு பேசத்தான் வேண்டும், ஆனால் எல்லாம் ஓரளவு ஏற்பாடான பிறகு, "தாழ்ப்பாளும் நாய் ஊசிச் செலவும் இவ்வளவு ஆச்சு தம்பி, பாதி நீ பாத்துக்கோ" என்று பேசுங்கள். அன்றே பணம் அனுப்பினார்.

இன்னொருவர் சோற்றில் விஷம் வைத்துவிடலாம் என்றார். கோபத்தில் சொல்கிற வார்த்தைதான், ஆனால் அதை அங்கேயே நிறுத்த வேண்டும். நாயை விஷம் வைத்துக் கொன்றால் பாரதிய நியாய சன்ஹிதாவின் 325ஆம் பிரிவில் 5 வருஷம் வரை சிறை உண்டு. பிராணிகள் வதைத் தடுப்புச் சட்டம் 1960, வளர்த்த நாயைப் பட்டினி கிடக்க எங்கோ கொண்டுபோய் விடுவதையும் குற்றமாகத்தான் சொல்கிறது. சட்டத்தை விட்டுவிடுங்கள். நடவழியில் விஷச் சோறு கிடந்தால் அதை முதலில் எடுப்பது நாய்தான் என்று யார் சொன்னது? எங்கள் வழியில் தவழ்கிற பிள்ளை உண்டு.

பஞ்சாயத்துக்கு மனு கொடுத்தோம், ஆனால் அந்தத் தெருநாயைப் பற்றி மட்டும். மாமியின் பெயர் மனுவில் இல்லை. கையெழுத்துப் போட்டவர்களில் அவரும் ஒருவர். 2023ஆம் ஆண்டு நாய் இனக்கட்டுப்பாட்டு விதிகளின்படி தெருநாய்க்குக் கருத்தடையும் தடுப்பூசியும் செய்வது உள்ளாட்சியின் பொறுப்பு. செய்த பிறகு பிடித்த இடத்திலேயே விடுவார்கள் என்பதையும் அண்டை வீட்டாருக்கு முன்கூட்டியே சொல்லிவிடுங்கள், இல்லாவிட்டால் நாய் திரும்பி வந்ததும் புதுச் சண்டை தொடங்கும்.

அள்ளும் முறை இப்போது வீட்டுக்கு ஒரு நாள். ஞாயிறு மாமியுடையது. மாமி குனிய வேண்டியதில்லை. பாளை வெட்டி, சாம்பலைச் சலித்து, பழைய பெயின்ட் டப்பாவில் நிரப்பிக் கேட்டில் மாட்டி வைப்பார். அவர் பங்கு என்று ஒன்று இருப்பது முக்கியம். எல்லாவற்றையும் நாமே செய்துகொடுத்தால் அவர் கடன்பட்டவர் மாதிரி நம் முகத்தைப் பார்க்கவே கூசுவார்.

நாய் விஷயமாகப் போகப்போய் மற்றவையும் கண்ணில் பட்டன. பிரஷர் மாத்திரை தீர்ந்து எத்தனை நாள் ஆயிற்று என்று அவருக்கே தெரியவில்லை. 2021இல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் தன்னார்வலர் வீட்டுக்கே வந்து மாத்திரை தருகிறார், துணை சுகாதார நிலையத்தில் பெயர் சேர்த்தால் போதும். பக்கத்தில் உதவ ஆளில்லாத முதியவர் என்றால் 14567 என்ற முதியோர் உதவி எண் இருக்கிறது, அதை எழுதி அவர் ஃபோன் பக்கத்தில் ஒட்டுங்கள். கண் படலத்துக்கு ஆசாரிபள்ளம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கு என் மனைவி கூட்டிப்போனாள். ஆபரேஷனுக்குப் பிறகு குனியக் கூடாது, பாரம் தூக்கக் கூடாது, நாய் மேலே ஏறி முகத்தை நக்கவும் விடக் கூடாது. அதனால் நாய்கள் சில வாரம் எங்கள் ரப்பர் ஷீட் புரையில்தான் (கொட்டகையில்தான்). இப்படி ஒரு நாள் வரும் என்று முன்பே யோசித்து, எந்த நாயை யார் வீட்டில் கட்டுவது, எப்போது என்ன சாப்பாடு, அடுத்த ஊசி என்று என்பதை ஒரு அட்டையில் எழுதி அடுக்களையில் தொங்கவிட்டிருந்தோம். நல்ல வேளையாக அது இருந்தது.

கறுப்புக் கண்ணாடி கழற்றிய வாரம், நான் பால் எடுத்துவிட்டுத் திரும்பும்போது மாமி கேட்டில் நின்று கூப்பிட்டார். குழாயைப் பிடித்துத் தானே பின்படி இறங்கி, சுற்றி வந்திருக்கிறார். வளைவைக் கைநீட்டிக் காட்டினார்.

"மக்களே, அந்தக் கல்லுக்க அடியில ஒண்ணு கெடக்கு. இன்னைக்கு ஒங்க மொறதானே?"

டப்பாவிலிருந்து பாளையை எடுத்துக்கொண்டு போனேன்.